கூம்புக்குப் பயந்து குரூப்பை மாற்றலாமா?

அம்மா, உங்கள் மகள் இயற்கணிதத்தில் கெட்டி, ஆனால் கூம்பு போன்ற உருவங்களின் அளவியலும், கோபுர உயரம் கேட்கும் ஏற்றக்கோணக் கணக்கும் வந்தால் பேனா நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அதனால் ப்ளஸ் ஒன்னில் கணக்கை விட்டுவிட்டு காமர்ஸ் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காமர்ஸ் அவளுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும். கூம்புக்குப் பயந்து மட்டும் போக வேண்டாம்.

அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஓர் உருவத்தை மனதுக்குள் திருப்பி, வெட்டி, விரித்துப் பார்க்கும் பழக்கம்தான் போதவில்லை. தொடக்கப் பள்ளியில் எண்கோட்டில் முன்னும் பின்னும் தாவியதே இந்தப் பழக்கத்தின் ஆரம்பம். ஒன்பதாம் வகுப்பின் ஆயத்தொலைவு வடிவியலில் இதுவே திரும்ப வரும். பன்னிரண்டில் வெக்டர், தளங்கள், வளைவரைகளுக்கு இடையே உள்ள பரப்பு. அதையும் தாண்டி இன்ஜினியரிங் முதலாண்டில், பொருள்களைப் பல பக்கங்களிலிருந்து பார்த்து வரையும் கிராஃபிக்ஸ் பேப்பர் காத்திருக்கிறது.

பத்தாம் வகுப்பில் ஒரு சிக்கல். செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். பிள்ளைகள் 'படி 1, படி 2' என்று மனப்பாடம் செய்தே அதை வாங்கிவிடுகிறார்கள். மார்க் வந்துவிடுவதால் உருவம் மனதில் பதியவில்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். 14 செ.மீ. ஆரத்தில் ஓர் அரைவட்டம் வெட்டச் சொல்லுங்கள். நேர்விளிம்பின் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டினால் கூம்பு. அடிப்பக்க ஆரம் எவ்வளவு என்று முதலில் ஊகிக்கட்டும், அப்புறம் அளக்கட்டும்: 7 வரும். வெட்டிய 14 எங்கே போனது? கூம்பின் சாய்வில் இருக்கிறது, அதுதான் சாயுயரம். நட்ட நடுவில் நிற்கும் உயரம் 12-க்குச் சற்று மேல். சாயுயரத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டு மார்க்கை விடும் பிள்ளைகள் ஏராளம். கையால் ஒருமுறை ஒட்டியவர்களுக்கு அந்தக் குழப்பம் வெகுவாகக் குறைந்துவிடும்.

உருவத்தை மனதில் திருப்பிப் பார்க்கும் திறன் பிறவியிலேயே வரவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை, இந்தத் திறன் குறைவாக இருந்த முதலாண்டு இன்ஜினியரிங் மாணவர்களுக்காக 1993-லேயே தனி வகுப்பு தொடங்கினார். கட்டைகளை அடுக்குவது, பல பக்கங்களிலிருந்து பார்த்துக் கையால் வரைவது போன்றவைதான் பயிற்சி. மாணவர்கள் நன்றாகவே தேறினார்கள். பதினெட்டு வயதில் வருவது பதினைந்தில் வராதா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'மூளைப் பயிற்சி' என்று விற்கும் புதிர் ஆப்புக்குப் பணம் கட்டாதீர்கள். உருவங்களைத் திருப்பிப் பழகிய சிறு பிள்ளைகளுக்குக் கணக்கும் மேம்பட்டதாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்து வந்த இன்னொன்றில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே பயிற்சி பாடப் புத்தகக் கணக்கோடு ஒட்டியே இருக்கட்டும். சூத்திரம் எழுதும் முன் படம், படத்தில் அளவுகள், அதன் பிறகே கணக்கு. கோபுரமும் நிழலும் வந்தால் எந்தக் கோணம் எங்கே உட்காருகிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

அவளுடைய காலாண்டு விடைத்தாளை எடுத்து, தப்பான கணக்குகளில் எத்தனைக்குப் படம் வரைந்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். குரூப் பற்றி அப்புறம் பேசுவோம்.