இசைச் சராசரி: பஸ்ஸில் தொடங்கி வயல் வரை

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குப் போகும்போது வேகம் 40, திரும்பும்போது 60. சராசரி 50 தானே? எக்செல்லில் இசைச் சராசரி போட்டால் 48 வருகிறதே?

பதில்: 48தான் சரி. இசைச் சராசரி என்பது ஒவ்வோர் எண்ணாலும் ஒன்றை வகுத்து, வந்தவற்றின் சராசரியால் மறுபடி ஒன்றை வகுப்பது. தூரம் ஏறத்தாழ 40 கி.மீ. போக ஒரு மணி நேரம், வர 40 நிமிடம். ஆக, 80 கி.மீ.க்கு 100 நிமிடம். வகுத்துப் பாருங்கள். மெதுவாகப் போன பயணம்தான் அதிக நேரத்தை விழுங்குகிறது. கூட்டி இரண்டால் வகுக்கும்போது அது மறைந்துபோகிறது. வேகங்கள் பி2, பி3 கட்டங்களில் இருந்தால், சூத்திரம் =ஹார்மீன்(பி2:பி3). ஆங்கிலத்தில் எச், ஏ, ஆர், எம், இ, ஏ, என் என்று அடியுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் இதே பெயர்தான்.

கேள்வி: அறுவடை மெஷினின் வேகத்தைத் தினமும் குறித்து வைக்கிறேன். திடீரென்று ‘#நம்!’ என்று பிழை காட்டுகிறது. (மன்னார்குடி)

பதில்: மழையில் மெஷின் நின்ற நாளுக்கு 0 போட்டிருப்பீர்கள். ஒன்றை பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதே! அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், சூத்திரம் தாண்டிப் போய்விடும்.

கேள்வி: காய்ந்த வயலில் 12 மா (நிலப் பரப்பின் அளவு), மணிக்கு 3 மா வீதம் அறுத்தோம். சேற்று வயலில் 3 மா, மணிக்கு ஒன்றரை மா வீதம். ஹார்மீன் 2 என்கிறது. மெஷின்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. (திருவாரூர்)

பதில்: அவர் பக்கம்தான் நியாயம். காய்ந்ததில் 4 மணி நேரம், சேற்றில் 2 மணி நேரம்; மொத்தம் 15 மாவுக்கு 6 மணி நேரம், அதாவது மணிக்கு இரண்டரை மா. வெறும் ஹார்மீன் இரண்டு வயலையும் ஒரே பரப்பாக நினைத்துக்கொள்கிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான தப்பு இங்கேதான். பரப்பு பி-யிலும் வேகம் சி-யிலும் இருந்தால், =சம்(பி2:பி3)/சம்ப்ராடக்ட்(பி2:பி3/சி2:சி3) என்று போடுங்கள்; இது மொத்தப் பரப்பை மொத்த நேரத்தால் வகுக்கும். வாடகை பேசும்போது இதைக் காட்டுங்கள்.

கேள்வி: வாரம் 600 ரூபாய்க்குத் தவிடு வாங்குகிறேன். ஒரு வாரம் கிலோ 20, மறுவாரம் 30. சராசரி விலை?

பதில்: 24. முதல் வாரம் 30 கிலோ, மறுவாரம் 20 கிலோ கிடைத்திருக்கும். பணத்துக்குப் பதில் வாரம் இத்தனை கிலோ என்று ஒரே அளவாக வாங்கியிருந்தால் 25தான், ஹார்மீனே வேண்டாம்.

கேள்வி: பிழை எதுவும் வரவில்லை, ஆனால் விடை மட்டும் பொருந்தவில்லை. (மயிலாடுதுறை)

பதில்: கட்டத்தில் ‘3 மா’ என்று அடித்திருக்கிறீர்களா? எக்செல்லுக்கு அது எண் அல்ல, எழுத்து, சத்தமில்லாமல் விட்டுவிடும். நீங்கள் அலைன்மென்டை மாற்றாதவரை எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ‘மா’வைத் தலைப்பு வரிசைக்கு அனுப்பிவிட்டு 3 மட்டும் அடியுங்கள்.