எங்கே நின்று அளந்தார்கள்? ஆற்று ஒப்பந்தங்கள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிந்து நதி பற்றித்தான். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சிந்து ஒப்பந்தத்தில் 80 சதவீதம் தண்ணீரை பாகிஸ்தானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஏமாந்துவிட்டோமா? (மஞ்சக்குப்பம்)

1960 செப்டம்பரில் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்து போட்டபோது சதவீதம் போட்டுத் தண்ணீரைப் பங்கு வைக்கவில்லை, ஆறுகளைப் பிரித்துக்கொண்டார்கள். ராவி, பியாஸ், சட்லஜ் மூன்றும் முழுக்க நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் அவர்களுக்கு. மேற்கு ஆறுகளில் ஓட்டம் அதிகம், அதனால் கணக்குப் போட்டால் சுமார் 80 சதவீதம் என்று வருகிறது. அந்த மூன்றிலும் நமக்கு ஒன்றுமே இல்லை என்பதும் தவறு. ஆற்றோட்டத்திலேயே மின்சாரம் எடுக்கலாம், ஓரளவு பாசனம் செய்யலாம், 36 லட்சம் ஏக்கர் அடி வரை தேக்கலாம். நம் கணக்கில் அது சுமார் 157 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), அதாவது ஒன்றரை மேட்டூருக்கும் மேல். அவ்வளவையும் நாம் இதுவரை கட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

2025 ஏப்ரலில் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தோமே, ஷட்டரை இறக்கினால் தண்ணீர் நின்றுவிடும்தானே? (பண்ருட்டி)

நிற்காது. தேக்க இடம் வேண்டாமா? செனாபில் இருக்கும் சலால், பக்லிஹார் எல்லாம் ஓடுகிற தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் அணைகள். சில நாள் ஓட்டத்தை முன்பின் தள்ளலாம், ஒரு பருவ வெள்ளத்தைப் பிடித்து வைக்க முடியாது. சட்டப்படி பார்த்தால், புதிய ஒப்பந்தம் ஒன்று போட்டு இதை முடிக்கும்வரை இது நீடிக்கும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. நிறுத்திவைப்பது என்ற சொல்லே அதில் கிடையாது, அதனால்தான் இவ்வளவு வாதம்.

கங்கையில் பராக்கா தடுப்பணையிலிருந்து வங்கதேசத்துக்கு 35,000 டி.எம்.சி. கொடுக்கிறோமாமே? (வில்லியனூர்)

கேள்வியை அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம். 35,000 டி.எம்.சி. என்றால் சுமார் 375 மேட்டூர் அணை. டி.எம்.சி. என்பது கொள்ளளவு, விநாடிக்கு இத்தனை கன அடி என்பது ஓடுகிற அளவு. விநாடிக்கு 11,500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. எத்தனை தடவை எழுதுவது! கங்கை ஒப்பந்தத்தில் இருப்பது விநாடிக்கு 35,000 கன அடி.

கங்கை ஒப்பந்தம் 2026 டிசம்பரில் முடிகிறது. புதுப்பிப்பதில் அப்படி என்ன சிக்கல், பாதிக்குப் பாதி பிரித்தால் போதாதா? (திருப்பாதிரிப்புலியூர்)

எந்தத் தண்ணீரில் பாதி? எந்த மாதத்தில், எந்த இடத்தில் அளந்த தண்ணீர்? நான் எப்போதும் கேட்பது இதைத்தான்.

1996 டிசம்பர் 12 அன்று தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் 30 வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் இது. ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்து பத்து நாளாகப் பிரித்துக் கணக்கு. பராக்காவுக்கு விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாக வந்தால் ஆளுக்குப் பாதி, 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000 போக மீதி நமக்கு, அதற்கும் மேலே போனால் நமக்கு 40,000 போக மீதி அவர்களுக்கு. அப்புறம் மார்ச் 11 முதல் மே 10 வரை, ஒரு பத்து நாள் விட்டு ஒரு பத்து நாள் இருவருக்கும் மாறி மாறி 35,000 உத்தரவாதம். ஓட்டம் 50,000க்கும் கீழே போனால் உடனே உட்கார்ந்து பேச வேண்டும். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டவணைக்கு எடுத்துக்கொண்டது 1949 முதல் 1988 வரையான ஓட்டத்தின் சராசரி. அதற்கு அப்புறம் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் எவ்வளவு ஆழ்துளைக் கிணறு, எவ்வளவு இறைப்பு? பராக்காவுக்கு மேலே எடுப்பதை எடுத்துவிட்டு, பராக்காவில் வந்து சேர்ந்ததைப் பிரித்துக்கொள்கிறோம். புதிய ஒப்பந்தத்தில் சதவீதத்தை மட்டும் மாற்றிவிட்டு சராசரியைத் தொடாமல் விட்டால் ஒவ்வொரு மார்ச்சிலும் இதே சண்டைதான்.

அளவை விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் தென்பெண்ணையில் ஒரு அணைக்கட்டில் இரவு மழையில் டார்ச் அடித்து கேஜ் (நீர்மட்ட அளவுகோல்) பார்த்திருக்கிறேன். போர்டில் பாசி ஏறி எண்ணே தெரியாது, கையால் வழித்துத்தான் படிக்க வேண்டும். இறங்க பயந்து கரையிலிருந்தே உத்தேசமாக ஒன்றரை அடி என்று சொன்னார் கூட வந்த லஸ்கர் (மதகு பார்க்கும் பணியாள்). இறங்கிப் பார்த்தால் ஒரு அடிதான் வழிந்தது. அரை அடிதானே என்று நினைக்காதீர்கள், கலிங்கு மேல் வழியும் தண்ணீரில் ஒரு அடியை ஒன்றரை என்று எழுதினால் ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கில் ஏறும். பராக்காவிலும் கீழே வங்கதேசத்தில் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து நின்று அளக்கிறார்கள் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அதை மட்டும் யாரும் கைவிடக் கூடாது.

பல நாடுகளில் ஓடும் ஆறுகளுக்கான 1997 ஐ.நா. நீர்வழி உடன்படிக்கை நம்மைக் கட்டுப்படுத்துமா? (சிதம்பரம்)

இல்லை. வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது, இன்றுவரை சேரவில்லை. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே 2014ல்தான்.

தென்பெண்ணைக்கும் சர்வதேச நீதிமன்றம் போகலாமா? (கடலூர் முதுநகர்)

போக முடியாது. அது மாநிலங்களுக்கு இடையேயான ஆறு. அரசியல் சட்டத்தின் 262ஆவது பிரிவும் 1956ஆம் வருட மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுச் சட்டமும்தான் அதற்கு. காவிரியில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. கிடைத்ததும் அந்த வழியில்தான்.

பிரம்மபுத்திராவுக்குச் சீனாவுடன் என்ன ஒப்பந்தம் இருக்கிறது? (பாகூர்)

தண்ணீர்ப் பங்கீட்டுக்கு ஒப்பந்தமே கிடையாது. வெள்ளக் காலத்தில் மேலே எவ்வளவு ஓடுகிறது என்று தகவல் தருவதற்கு மட்டும் புரிந்துணர்வு போட்டிருந்தார்கள். சீனாவுடன் டோக்லாம் எல்லைத் தகராறு நடந்த 2017ல் அந்தத் தகவலும் வரவில்லை என்று இந்தியா சொன்னது. தகவல்தானே என்று பாகூர்க்காரர்கள் சொல்ல மாட்டீர்கள். 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்தபோது தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்களுக்கு, எப்போது எவ்வளவு வருகிறது என்பது எத்தனை மணி நேரம் முன்னால் தெரிந்தது என்பதுதான் முக்கியமாக இருந்தது. அசாமில் இருப்பவர்களுக்கும் அதே நிலைதான், அணை மட்டும் வேறு நாட்டில் இருக்கிறது.