மூளையின் துணைச் செல்களை நம்பி முனைவர் பட்ட ஆய்வில் இறங்கலாமா?

கேள்வி: நரம்பியல் நோய்களில் கிளியா செல்களின் பங்கை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. நரம்பணுவை விட்டுவிட்டு அதன் எடுபிடியைப் போய் ஐந்தாண்டு ஆராய்வானேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சேரலாமா?

சேரலாம். இந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பேன். ‘எடுபிடி’ என்ற சொல் கண்ணில் பட்டதால் முடியவில்லை. முதுகலை முடித்து, நெட் தேர்விலும் தேறி, இரண்டு ஆய்வகங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2013இல் நானும் அப்படித்தான் நின்றேன். நரம்பணு ஆய்வகத்தில் இடமில்லை என்று கைவிரித்ததால்தான் கிளியா ஆய்வகத்துக்குப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால், தொலைநோக்கோடு தேர்ந்தெடுத்தவள் போலப் பேசுகிறாளே என்று என்னை அறிந்த யாராவது கீழே வந்து எழுதுவார்கள்.

எடுபிடி என்ற எண்ணம் உங்கள் நண்பர்களுடையது மட்டுமன்று. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ 1856இல் கிளியா செல்களுக்கு ‘நியூரோக்ளியா’ என்று பெயரிட்டபோதே, நரம்புகளை ஒட்டவைக்கும் ஒருவகைப் பசை என்றுதான் அதை எண்ணினார். கிளியாவில் ஒரு வகையும் மூளையின் காவல் செல்களுமான மைக்ரோக்ளியாவை மாட்ரிட் நகரில் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிச் சாயமேற்றித் தனியாகப் பிரித்துக் காட்டுவதற்கு 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நரம்பணுவுக்குப் பத்துக் கிளியா என்று நான் கல்லூரியில் மனப்பாடம் செய்த கணக்கும் தவறு. 2009இல் பிரேசில் நாட்டுக் குழு ஒன்று மனித மூளையின் செல்களை எண்ணியபோது, நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி, மற்றவை எல்லாம் சேர்த்து 8,500 கோடி என்று வந்தது. எண்ணிக்கையில் ஏறத்தாழச் சரிபாதியாக இருப்பவற்றை எடுபிடி என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

என் ஆய்வு ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பணு நோயைப் பற்றியது. தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக இறக்க, கையும் காலும் தளர்ந்து, கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். இறப்பது நரம்பணு என்பதால் குற்றவாளியும் அதற்குள்தான் இருக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். நோயாளிகள் சிலருக்கு எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் பிறழ்வு இருப்பது 1993இல் தெரிந்த பிறகு, அமெரிக்க ஆய்வாளர் டான் கிளீவ்லேண்டின் குழு 2003இல் ஒரு சோதனை செய்தது. பிறழ்வுள்ள செல்களும் இயல்பான செல்களும் ஒரே உடலில் கலந்திருக்கும் சுண்டெலிகளை அவர்கள் உருவாக்கினார்கள். பிறழ்வு கொண்ட நரம்பணுக்கூட, சுற்றியிருந்த செல்கள் நல்லவையாக இருந்தால் கூடுதல் காலம் பிழைத்தது. இயல்பான நரம்பணுவைச் சுற்றிப் பிறழ்வுள்ள செல்கள் இருந்தபோது அதற்கு நோயின் அறிகுறிகள் தோன்றின. அதே குழு 2006இல் மைக்ரோக்ளியாவிலிருந்து மட்டும் அந்தப் பிறழ்வை நீக்கிப் பார்த்தபோது, நோய் தொடங்கும் காலம் பெரிதாக மாறவில்லை. ஆனால் தொடங்கிய நோய் பரவும் வேகம் வெகுவாகக் குறைந்தது. சேர்ந்த முதல் மாதத்தில் இந்த இரண்டு கட்டுரைகளையும் படித்த பிறகு, இடம் தர மறுத்த நரம்பணு ஆய்வகத்தின் மீது எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை எளிமையானது போலத் தோன்றியது. பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டியின் மூளைப் புறணியிலிருந்து அஸ்ட்ரோசைட்டுகள் என்னும் நட்சத்திர வடிவக் கிளியா செல்களை எடுத்து வளர்க்க வேண்டும். பாக்டீரியாவின் சவ்விலிருந்து பெறப்படும் எல்.பி.எஸ். என்ற பொருளை இட்டு அவற்றைச் சீண்ட வேண்டும். அவை எதையெல்லாம் சுரக்கின்றனவோ அது கலந்த ஊடகத்தை, அதாவது செல்கள் வளரும் ஊட்ட நீரை, இயக்க நரம்பணுக்களின் மேல் ஊற்றி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ண வேண்டும். 1980 முதல் உலகமே கையாளும் வளர்ப்பு முறைதான் எங்களுடையதும். பத்து நாள் பிளாஸ்க்கில் வளரவிட்டு, ஓர் இரவு முழுவதும் குலுக்கியில் வைத்தால், மேலே தளர்வாக ஒட்டியிருக்கும் மைக்ரோக்ளியாவும் மற்றவையும் உதிர்ந்துவிடும். அடியில் இறுக ஒட்டியிருப்பவை அஸ்ட்ரோசைட்டுகள். அஸ்ட்ரோசைட்டைக் காட்டும் ஜி.எஃப்.ஏ.பி. சாயம் ஏற்றிப் பார்த்தால் தட்டு முழுவதும் பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தே ஒன்றரை ஆண்டு கழித்தேன். எல்.பி.எஸ். இட்ட தட்டுகளின் ஊடகம் பட்ட நரம்பணுக்களில் பத்துக்கு நான்கு இறந்தன. வெறும் எல்.பி.எஸ். மட்டும் கலந்த ஊடகம் அப்படிக் கொல்லவில்லை. சீண்டப்பட்ட அஸ்ட்ரோசைட் நரம்பணுவைக் கொல்கிறது என்று ஒரு தேசியக் கருத்தரங்கில் சுவரொட்டி வைத்து, பரிசும் வாங்கினேன். அந்தச் சான்றிதழ் இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

2015 அக்டோபரில், பக்கத்து மேசையில் மைக்ரோக்ளியா ஆய்வு செய்துகொண்டிருந்த ஈரோட்டுத் தங்கை ஒருத்தி, தன் புதிய ஐபா1 ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்று பார்க்க என் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனாள். அது மைக்ரோக்ளியாவில் மட்டுமே படியும் சாயம் என்பதால், ஒன்றும் தெரியாத வெற்றுத் தட்டாக என்னுடையது பயன்படும் என்பது அவள் எண்ணம். அரை மணி நேரத்தில் இருட்டறையிலிருந்து வந்து, “அக்கா, உங்க டிஷ்ல எங்க ஆளுங்க இருக்காங்க” என்றாள். பச்சைப் பரப்பின் மேலும் இடுக்குகளிலும் சிறிய சிவப்புச் செல்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தன. எண்ணிப் பார்த்தோம், நூற்றுக்கு ஐந்தாறு தேறியது. குலுக்கலில் உதிராமல் தங்கிய சில, ஊடகத்தில் நான் ஊற்றிய மாட்டுக்கரு சீரத்தை உண்டு மீண்டும் பெருகியிருக்கின்றன. ஐந்து விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றலாம். எல்.பி.எஸ். என்ற அழைப்பைக் கேட்டு முதலில் எழுவதே மைக்ரோக்ளியாதான் என்னும்போது, அந்த ஐந்தை வைத்துக்கொண்டு மற்ற தொண்ணூற்றைந்தின் மேல் நான் கொலைப்பழி சுமத்தியிருந்தேன். அஸ்ட்ரோசைட் வளர்ப்புகளில் மைக்ரோக்ளியா கலந்திருக்கும் என்று எச்சரிக்கும் கட்டுரை ஒன்று 2007இலேயே வெளிவந்து, எங்கள் ஆய்வகக் கோப்பிலும் கிடந்தது என்பது அதைவிடப் பெரிய வெட்கம்.

அந்த ஆன்டிபாடியை நான் முன்பே வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்டேன். அஸ்ட்ரோசைட் என்று தலைப்புள்ள திட்டத்துக்கு மைக்ரோக்ளியா ஆன்டிபாடி எதற்கு என்று கொள்முதல் பிரிவு குறிப்பெழுதிக் கோப்பைத் திருப்பியது. இரண்டாம் முறை, ஒரே நிறுவனம் மட்டும் விற்கும் பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்றது. மூன்றாம் முறை வந்த பெட்டி, விடுமுறை நாட்களில் விமான நிலையச் சுங்கக் கிடங்கில் கிடந்து, உலர்பனி முழுவதும் ஆவியாகி, வெதுவெதுப்பாக என் கைக்கு வந்தது. அந்த மாதங்களில் உதவித்தொகையும் வரவில்லை. விடுதிக் கட்டணத்துக்குத் தோழியிடம் கடன் வாங்கினேன். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான். எழுதாமல் கடக்க மனம் வரவில்லை.

பிறகு செய்ததை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்ரோக்ளியாவைத் தேர்ந்து அழிக்கும் லியூசின் மெத்தில் எஸ்டர் என்ற பொருளை இட்டு, ஐபா1 சாயத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியாத தட்டுகளைத் தயாரித்தேன். அவற்றில் எல்.பி.எஸ். இட்டபோது ஊடகம் நரம்பணுக்களை ஒன்றும் செய்யவில்லை. அதே தட்டுகளில் மைக்ரோக்ளியாவை எண்ணி, வேண்டுமென்றே திரும்பச் சேர்த்தபோது சாவு திரும்பியது. மைக்ரோக்ளியாவை மட்டும் தனியாக வளர்த்து அதன் ஊடகத்தை ஊற்றினாலும் அத்தனை நரம்பணுக்கள் சாகவில்லை என்பதுதான் எங்களைத் தூங்கவிடாத முடிவு: இரண்டும் சேர்ந்தால் மட்டுமே நஞ்சு முழு அளவில் உண்டாகியது. இதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கட்டுரையை அனுப்பத் தயாராக வைத்திருந்தபோது, 2017 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டில் பென் பேரஸின் ஆய்வகத்திலிருந்து ஷேன் லிட்லோவின் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. மைக்ரோக்ளியா சுரக்கும் ஐ.எல்.1 ஆல்ஃபா, டி.என்.எஃப்., சி1கியூ ஆகிய மூன்று புரதங்களும் சேர்ந்தே அஸ்ட்ரோசைட்டை, நரம்பணுவைக் கொல்லும் நிலைக்கு மாற்றுகின்றன என்றும், மைக்ரோக்ளியா இல்லாத சுண்டெலிகளுக்கு எல்.பி.எஸ். செலுத்தினாலும் அந்த மாற்றம் நிகழவில்லை என்றும் அவர்கள் காட்டிவிட்டார்கள். அல்சைமர், பார்க்கின்சன், ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மூளைத் திசுக்களிலும் அத்தகைய அஸ்ட்ரோசைட்டுகளைக் கண்டிருந்தார்கள். எங்கள் பொருளை அவர்கள் தட்டிப் பறித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. எங்களிடம் இருந்தது கால் பங்கு. அவர்களிடம் முழுவதும் இருந்தது. அன்று மாலை அழுதேன். இரவு நன்றாகத் தூங்கினேன்.

துறையில் இருப்பவர்கள் சிலர் இங்கே குறுக்கிடுவார்கள். நல்லது, கெட்டது என்று அஸ்ட்ரோசைட்டுகளை இரண்டாகப் பிரித்த ஏ1, ஏ2 என்ற பெயர்களைப் போதாதவை என்று 2021இல் அத்துறை அறிஞர்கள் பலர் கூடி எழுதிய அறிக்கை சொல்லிவிட்டது என்பதை அறிவேன். எஸ்.ஓ.டி.1 பிறழ்வு உள்ள அஸ்ட்ரோசைட்டுகள் எந்தச் சீண்டலும் இல்லாமலே இயக்க நரம்பணுக்களைக் கொல்லும் என்று 2007இல் வெளிவந்த முடிவுகளையும் நான் மறுக்கவில்லை. நான் சொல்வது பிறழ்வில்லாத எலியின் செல்களைப் பற்றி. தட்டில் நடப்பது மனிதரிடம் நடக்காது என்பார்கள்; அதற்கு என்னிடம் மறுப்பில்லை. மைக்ரோக்ளியாவின் கொந்தளிப்பை அடக்கும் என்று சுண்டெலிகளில் நம்பிக்கை தந்த மினோசைக்ளின் மருந்தை அமெரிக்காவில் 412 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதித்தபோது, அதை உட்கொண்டவர்கள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு வேகமாக நலிந்தார்கள். 2007இல் வந்த அந்த முடிவை ஒவ்வொரு கிளியா ஆய்வாளரும் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காவல் செல்லை வாயடைத்தால் நோய் நின்றுவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. அது எந்த நாளில் யாரைக் காக்கிறது, எந்த நாளில் யாரைத் தின்கிறது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. உங்களுக்கு வேலை மிச்சமிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று என்னால் தர முடியாது.

ஆய்வேட்டில் முதல் ஒன்றரை ஆண்டு முடிவுகளை விட்டுவிடும்படி நெறியாளர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தேர்வாளர் பிடித்துக்கொள்வாரே என்ற அக்கறையில் சொன்னார். நான் அதைத் தனி இயலாகவே வைத்தேன், சிவப்புச் செல்கள் தெரியும் அந்தப் படத்தோடு. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முக்கால் மணி நேரத்தையும் அந்த ஓர் இயலிலேயே செலவழித்தார். கடைசியில் தம் மாணவர்களுக்குக் காட்ட அந்தப் படம் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகவே, அந்த ஆய்வகத்தில் சேருமுன் ஒருநாள் நேரில் போங்கள். நெறியாளரிடம் எதிர்காலம் பற்றிக் கேட்க வேண்டாம். எல்லோரும் நன்றாகவே சொல்வார்கள். அங்கே நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவரைத் தேடிப்பிடித்து, அவர்கள் வளர்க்கும் அஸ்ட்ரோசைட்டுகளில் நூற்றுக்கு எத்தனை மைக்ரோக்ளியா என்று கேளுங்கள். எண் ஒன்றைச் சொல்லி, கணினியைத் திறந்து படத்தையும் காட்டினால், அன்றே கையெழுத்துப் போட்டுவிடலாம். ‘அதெல்லாம் இருக்காது’ என்று பதில் வந்தால், நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஆய்வகம் எது என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.