சூரைச்செடியின் கீழே

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. சபையில் சொன்னால், "விசுவாசம் குறைஞ்சு போச்சு தம்பி" என்கிறார்கள். சென்னையிலிருந்து அக்கா தினமும் போன் செய்கிறாள். நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிவருகிறேன். சமாதானம் கிடைக்க எந்தச் சங்கீதங்களை வாசிக்கலாம்? 21 நாள் உபவாசம் இருக்கலாமா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

இந்த வாரம் முழுக்க வேதத்தில் வரும் தீர்க்கதரிசி எலியாவின் கதைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

சங்கீதம் 42 வாசி. 88 வாசி. 88-இல் கடைசி வசனம்வரை விடியாது; அப்படி ஒரு ஜெபமும் வேதத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். உபவாசம் வேண்டாம். எட்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாதவன் இன்னும் 21 நாள் பட்டினி கிடப்பது என்ன பக்தி? யார் சொன்னாலும் கேட்காதே.

எலியாவுக்கு வருகிறேன். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன். ராணி யேசபேலின் கொலைமிரட்டல் வந்ததும் பெயெர்செபாவுக்கு ஓடினான், வேலைக்காரனையும் அங்கேயே விட்டுவிட்டு வனாந்தரத்துக்குள் போனான், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். அவனுக்கு விசுவாசம் குறைவா? தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். அப்போதும் ஏச்சு இல்லை. இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான் தூதன். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, அவன் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. நம் ஆட்களோ அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள்.

என் அப்பா இறந்தபோது எனக்கு 14 வயது. அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வசனம் சொன்னார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஒருவர் சொன்னபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது வேதத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் துக்கத்தில் தானே சொன்ன வார்த்தை. அடுத்தவர் துக்கத்தின்மேல் எடுத்துப்போட நமக்கு என்ன உரிமை?

உபதேசியார் வீட்டு அம்மா மட்டும் தினமும் தூக்குவாளியில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவருவார். அம்மா குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார். அப்புறம் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்வார், ஒரு பேச்சும் இருக்காது. உருவிப்போட்ட காம்புகள் அவர் காலடியில் குவியும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அம்மாவின் கையும் அந்த முறத்துக்குள் போனது. அன்றைக்குத்தான் அவர் மெதுவாக, "ஜெபம் பண்ணட்டுமாக்கா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். அதுவரை வராத அழுகை அன்றைக்கு வந்தது.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. சபையில் சொன்னதைக் கூடப்பிறந்த அக்காவிடம் ஏன் மறைக்கிறாய்? கெத்செமனேயில் இயேசுவே தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். அவர் கேட்டதைக் கேட்க உனக்கு என்ன கூச்சம்?

டாக்டரையும் பார். மனநல வைத்தியம் விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் வேலூரைச் சொல். மிஷனரிகள் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி 1950-களிலேயே பாகாயத்தில் மனநல மையம் நடத்தியது. நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்குவது அங்கே வழக்கம். ராத்திரி தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய், தமிழில் பேசுவார்கள்.

இன்றைக்கே அக்காவிடம் உள்ளதைச் சொல். நாலு நாள் வந்து தங்கச் சொல். எனக்குப் பதில் எழுதும்போது, அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதை முதல் வரியில் எழுது.

அன்புடன்,
அண்ணாச்சி