இசியு நல்லதுதான், வண்டிதான் ஏற்க மறுக்கிறது

கேள்வி: மழைவெள்ளத்தில் நின்ற என் 2013 ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் இன்ஜின் இசியு (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) போய்விட்டது. புதுப்பேட்டையில் அதே பார்ட் நம்பரில் பழைய இசியு வாங்கி மாட்டினோம். ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு விநாடியில் அணைந்துவிடுகிறது. பழுதான பொருள் என்று கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்டார்ட் ஆகிறது என்றாலே இசியுவுக்கு உயிர் இருக்கிறது. மீட்டரில் கார்-சாவிப் படம் எரிகிறதா பாருங்கள். எரிந்தால், தடுப்பது இம்மொபிலைசர், அதாவது வண்டி திருடு போகாமல் காக்கும் எலெக்ட்ரானிக் பூட்டு.

சாவியின் தலைக்குள் பேட்டரி வேண்டாத ஒரு சிப் உண்டு. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் அதற்கு மின்சாரம் ஊட்டிக் கேள்வி கேட்கும். விடை சரியாக வந்தால், அடுத்த விசாரணை இசியுவிடம். கேட்பது மீட்டர் போர்டு. போலோவில் இம்மொபிலைசர் குடியிருப்பது அதற்குள்தான். நீங்கள் வாங்கிய இசியுவோ இன்னும் பழைய வீட்டு ரகசியத்தையே, அதாவது முந்தைய வண்டியின் ரகசியக் குறியீட்டையே வைத்திருக்கிறது. பார்ட் நம்பர் ஒன்றாக இருந்து என்ன பயன்?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை ஜெர்மனி சர்வரோடு இணைத்துப் புதிதாகப் பொருத்துவார்கள். ஆர்சி, அடையாள அட்டை கேட்பார்கள். வெளியே வாங்கிய பழைய இசியுவுக்கும் செய்வார்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. நனைந்த இசியுவின் மெமரி பிழைத்திருந்தால், அதை அப்படியே இதில் நகலெடுக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டிக்கு ஆள் மாறியதே தெரியாது. நனைந்ததை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்களா? முதல் வேலையாக அதைத் திரும்ப வாங்குங்கள்.

இசியு, மீட்டர், சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்கி மாட்டுவதும் உண்டு. ஆனால் மீட்டர் காட்டுவது அந்த வண்டி ஓடிய கிலோமீட்டரை. விற்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். தனியாகப் பழைய சாவி மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஒரு வண்டியோடு பூட்டப்பட்ட ஃபோக்ஸ்வாகன் சிப் இன்னொன்றுக்குப் பழகாது.

‘இம்மோ ஆஃப்’ செய்து தருகிறேன் என்பார் மெக்கானிக். வண்டி ஓடும், சரி. திருடனுக்கும் ஓடுமே!

அப்புறம், கடைக்காரர் விஷயம். பொருளில் குறை இல்லாதபோது பழுது என்று சண்டை போட முடியாது. ‘மாட்டினால் ஓடும்’ என்று பில்லில் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் தாராளமாகக் கேளுங்கள்.