ஒரே தளத்துக்கு நான்கு முகவரிகள்: என்ன செய்வது?

கேள்வி: என் இணையதளம் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தாலும் திறக்கிறது, சேர்க்காவிட்டாலும் திறக்கிறது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும் வருகிறது. இதற்காகக் கூகுள் தண்டிக்கும் என்று சொல்லி, சரிசெய்ய ஒரு முகவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரே பக்கம் பல முகவரிகளில் கிடைப்பதற்காக மட்டும் கூகுள் யாரையும் தண்டிப்பதில்லை. அவற்றுள் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துக் காட்டும். அது நீங்கள் விரும்பாத முகவரியாக இருக்கலாம் என்பதே சிக்கல். ஒரு முகவரியில் உள்நுழைந்த வாடிக்கையாளரை இன்னொன்று அடையாளம் காணாமல் போவதும் உண்டு.

எச்டிடிபிஎஸ் என்பது பாதுகாப்பான இணைப்பு; அந்த முகவரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். பிறகு சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: "மற்ற மூன்று முகவரிகளுக்கும் வருபவர்களை 301 வழிமாற்றத்தின் மூலம், இடையில் எங்கும் நிற்காமல், அதே பக்கத்துக்கு அனுப்புங்கள்." 301 என்றால் நிரந்தர மாற்றம், 302 தற்காலிகமானது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய சர்வர் மென்பொருள்கள் இரண்டிலுமே இது சில வரி வேலை. 'அதே பக்கத்துக்கு' என்பதை வலியுறுத்துங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளினால், தேடி வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

ஓரிடத்தில் மட்டும் இந்த வழிமாற்றம் பலிக்காது. நீங்கள் கைவிடும் முகவரிக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். பிரவுசர் முதலில் சான்றிதழைச் சரிபார்க்கும். அதன் பிறகே வழிமாற்றத்தைப் படிக்கும். சான்றிதழில் அந்தப் பெயர் இல்லையென்றால் வழிமாற்றத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கும். "வழிமாற்றம் போட்டாயிற்று, இனி அந்தப் பெயருக்குச் சான்றிதழ் எதற்கு?" என்று சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டு பெயர்களும் ஒரே சான்றிதழில் இருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

இவ்வளவு எளிய வேலையைக் கணக்குத் தொடங்கும்போதே செய்துகொடுக்காமல், நான்கு கதவுகளையும் திறந்துபோட்டுவிட்டுப் போகும் நிறுவனங்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. இந்த அலட்சியத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். அவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். டொமைன், அதாவது தளத்தின் பெயர், உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முகவரின் பெயரில் இருந்தால், முகவரிகளை ஒன்றாக்குவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை மீட்டுக்கொள்ளுங்கள்.

301-ஐப் பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்; தவறு நேர்ந்தால் திருத்துவது கடினம் என்பதால், முதலில் 302 போட்டுச் சோதித்துவிட்டு 301-க்கு மாற்றச் சொல்லுங்கள். வழிமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டாவது எடுக்கக் கூடாது என்பது கூகுளின் அறிவுரை. நீங்கள் எடுக்கவே வேண்டாம்.