ரூட் கேனாலுக்கு நிபுணரிடம் எப்போது போகலாம்? கேள்வி பதில்

பல் வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்து, பதினைந்து வருடமாக இந்த வேலை மட்டும்தான் செய்கிறேன். கேளுங்கள்.

மேல் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால் வேண்டும் என்கிறார் எங்கள் பல் மருத்துவர். அவரே செய்யலாமா, நிபுணரைத் தேடவா?

முன்பல் என்றால் தயங்காமல் அவரிடமே செய்துகொள்ளுங்கள் என்பேன். மேல் முன்பல்லில் பெரும்பாலும் ஒரே வேர், அதற்குள் நரம்பு ஓடும் கால்வாயும் ஒன்றுதான். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர்கள் உண்டு. கன்னத்தை ஒட்டி முன்னால் இருக்கும் வேரில் பாதிப் பேருக்கு மேல் இரண்டாவது கால்வாய் ஒன்று, அதாவது அந்தப் பல்லின் நான்காவது கால்வாய், ஒளிந்திருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதால் கண்ணில் படாமல் போகும். அதை விட்டுவிட்டு அடைத்தால் கிருமி உள்ளேயே தங்கும். சில மாதமோ சில வருடமோ கழித்து ஈறில் சீழ்க்கொப்புளம் வரும். மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினால் அந்தக் கால்வாய் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அதனால் பல்லைத் திறப்பதற்கு முன்பே கேளுங்கள்: "நான்காவது கால்வாயைத் தேடுவீர்களா? ரப்பர் டேம் போடுவீர்களா?" ரப்பர் டேம் என்பது அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு. தெளிவாகப் பதில் சொன்னால் அங்கேயே செய்யலாம். வேர் நன்றாக வளைந்திருந்தாலோ, வயதாகிக் கால்வாய் சுருங்கி எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரிந்தாலோ, ஏற்கனவே ரூட் கேனால் செய்த பல் மறுபடி வலித்தாலோ நேராக நிபுணரிடம் போங்கள்.

இரவில் தூங்க விடாத வலி. சூடாக எதைக் குடித்தாலும் கூடுகிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டதில் குறைந்திருக்கிறது. அப்படியே விடலாமா?

விடக் கூடாது. பல்லுக்குள் நரம்பு வீங்கியிருப்பதை ஆன்டிபயாடிக் ஆற்றாது. நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். அது குணமானதற்கு அடையாளம் இல்லை. இந்த வாரமே பல்லைக் காட்டுங்கள்.

சிறு வயதில் அடிபட்ட முன்பல் கறுத்துவிட்டது. வலி இல்லை.

எக்ஸ்ரே எடுங்கள். வலி இல்லாமலே வேர் நுனியில் சீழ் கோத்திருக்கலாம்.

நான் பி.டி.எஸ். பத்து வருடமாகக் கடைவாய்ப்பல் ரூட் கேனால் செய்கிறேன். இப்படி எழுதினால் நோயாளிகள் எங்களை நம்புவார்களா, சார்?

டாக்டர், உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த நாட்டில் பெரும்பாலான ரூட் கேனாலை உங்களைப் போன்றவர்கள்தான் செய்கிறீர்கள், நன்றாகவும் செய்கிறீர்கள். நான் சொல்வது எந்தப் பல்லை அனுப்புவது என்பதைப் பற்றி மட்டும்தான்.

ரப்பர் டேம் எங்கள் ஊரில் நடைமுறைக்கு ஒத்துவராது. நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது, நேரமும் ஆகிறது. பஞ்சு வைத்தே செய்கிறோம்.

இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கால்வாயைக் கழுவ ஊற்றுவது சோடியம் ஹைப்போகுளோரைட். தொண்டையில் இறங்கினால் புண்ணாகும். கைதவறி விழும் ஃபைல் (கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவி) உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயிலோ போகலாம். எச்சில் உள்ளே போனால் சுத்தம் செய்ததெல்லாம் வீண். மூக்கை மறைக்காமல் போட்டால் மூச்சு முட்டாது. பழகிவிட்டால் இரண்டு மூன்று நிமிட வேலை. பயிற்சிக் காலத்தில் ரப்பர் டேம் போடாத ஒரு பல்லில் என் கையிலிருந்தே ஃபைல் நழுவி நாக்கில் விழுந்தது. அந்த நோயாளி விழுங்காமல் துப்பியது என் நல்ல காலம். அன்றிலிருந்து டேம் இல்லாமல் ஒரு பல்லைக்கூடத் திறந்ததில்லை. நீங்களும் போடுங்கள் டாக்டர், கெஞ்சியே கேட்கிறேன்.

ஃபைல் உள்ளே உடைந்துவிட்டது, பிடுங்கிவிடலாம் என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். உடைந்த துண்டு இருப்பதாலேயே பல் போய்விடாது. எந்த இடத்தில் உடைந்தது, உடைவதற்கு முன் எவ்வளவு சுத்தம் செய்திருந்தார்கள் என்பதுதான் கணக்கு. எக்ஸ்ரேயோடு நிபுணரிடம் போங்கள்.

பல்வலிக்கு எந்த ஆன்டிபயாடிக் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். நீங்களாக வாங்காதீர்கள்.

அமாக்ஸிசிலின் ஐந்து நாள் போட்டால் ரூட் கேனாலைத் தவிர்க்கலாமா?

முடியாது. இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்குத் தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நாளைக்குப் பல் மருத்துவரிடம் காட்டலாமா?

நாளை வரை காத்திருக்காதீர்கள். இப்போதே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்த வீக்கம் மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு வயது மகளுக்குப் பால்பல்லில் ரூட் கேனால் என்கிறார்கள்.

அது என் துறை இல்லை, அம்மா. குழந்தைகள் பல் மருத்துவரைக் கேளுங்கள்.

நிபுணரிடம் செலவு கட்டுப்படியாகவில்லை.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துப் போங்கள்.